கிணறு வெட்டி வறட்சியைத் தாண்டியவர்கள்: 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய நிலத்தடி நீர் மேலாண்மை

"4,200 ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு மாபெரும் வறட்சி நாகரிகங்களைக் கவிழ்த்தது." தொல்லியல், காலநிலைச் செய்திகளில் இந்த வரி அடிக்கடி தலைகாட்டுகிறது. அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டின் வறண்ட சமவெளி ஒன்றில் மக்கள் கிணறு வெட்டி, அதைச் சுற்றிக் கோட்டை கட்டி, பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தார்கள் என்ற செய்தியும் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் இயல்பு. எழுத்து இல்லை, இரும்பு இல்லை, நிலவியல் என்றொரு துறையே இல்லை. அப்படிப்பட்டவர்கள் நிலத்தடி நீரை 'மேலாண்மை' செய்தார்கள் என்றால் என்ன பொருள்? அதை இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஸ்பெயின் எடுத்துக்காட்டையே மையமாக வைத்து, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் நான்கு சொற்கள்

1. நீர்தாங்கி: தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் நகர விடவும் கூடிய மண் அல்லது பாறை அடுக்கு. பூமிக்குள் பெரிய ஏரியோ ஆறோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி எதுவும் இல்லை. மணல் நிரப்பிய பானையில் தண்ணீர் ஊற்றினால் மணல் துகள்களின் இடுக்குகளில் அது போய் நிற்குமே, அதுதான் நீர்தாங்கி. சுண்ணாம்புப் பாறையாக இருந்தால், நீர் பாறையைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய விரிசல்களிலும் பொந்துகளிலும் நிற்கும்.

2. நீர்மட்டம்: அந்த இடுக்குகள் முழுதும் நீரால் நிரம்பியிருக்கும் பகுதியின் மேல் எல்லை. கிணறு இந்த எல்லைக்குக் கீழே போனால்தான் தண்ணீர் ஊறும்.

3. ஊற்று: நிலம் தாழ்ந்து, நீர்மட்டம் மேலே எட்டிப் பார்க்கும் இடம். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினால் ஊற்று நின்றுவிடும், ஆனால் தண்ணீர் அதே இடத்தில் சில அடி கீழே இருக்கும்.

4. மீள்நிரப்பு: மழையும் ஆற்று நீரும் கசிந்து நீர்தாங்கியை மறுபடி நிரப்புவது. இது மெதுவாக நடக்கும். இன்று பெய்த மழை நீர்மட்டத்தை எட்ட வாரங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

இந்த நான்காவது சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நிலத்தடி நீர் என்பது தாமதமாக வந்து சேரும் மழை. தாமதமாக வருவதால் தாமதமாகவே தீரும். அந்தத் தாமதம்தான் வறட்சிக் காலத்தில் மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

## வறட்சி ஒரே நாளில் வருவதில்லை

மழை பொய்த்தால் எல்லாமே ஒன்றாகக் காய்வதில்லை. மேல்மண்ணின் ஈரம் முதலில் போகும், பயிர் வாடும். அடுத்து மேய்ச்சல். அப்புறம் சிற்றோடைகள், குளங்கள். அதற்கும் பிறகு ஆறு. ஊற்றுகள் இன்னும் சில காலம் தாங்கும். அவையும் நின்ற பிறகும், ஊற்று இருந்த இடத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கும்.

வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் இந்த வரிசையைப் பார்த்தே கற்றிருக்க வேண்டும். ஊற்று நின்ற இடத்தில் கையால் பள்ளம் பறித்தால் நீர் சுரக்கிறது. மறு ஆண்டு இன்னும் கொஞ்சம் பறிக்க வேண்டியிருக்கிறது. இறங்கிக்கொண்டே போகும் நீரைத் துரத்திக்கொண்டு இறங்கினால், பள்ளம் கிணறாகிறது.

இதற்கு மண்ணிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மஸ்டாங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், காய்ந்துபோன பழைய நீர்நிலையின் படுகையில் 60-க்கும் மேற்பட்ட கிணற்றுக் குழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏறக்குறைய 6,800 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்கச் சமவெளிகள் கடுமையாக வறண்ட ஒரு காலத்தில், வேட்டையாடி உணவு சேகரித்து வாழ்ந்தவர்கள் தோண்டியவை அவை. வேளாண்மை கிடையாது, நிலையான ஊரும் கிடையாது. இருந்தும் கிணறு வெட்டத் தெரிந்திருந்தது. கிணறு என்பதை உழவும் ஊரும் வந்த பிறகு வந்த தொழில்நுட்பமாக நினைக்கும் பழக்கத்தை இந்த ஓர் இடமே உடைத்துவிடுகிறது.

ஆக, தோண்டுவது பழைய வித்தை. ஸ்பெயினில் நடந்தது அதற்கு அடுத்த கட்டம்.

## அந்த 4,200 ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஏறக்குறைய கி.மு. 2200 வாக்கில் உலகின் பல பகுதிகளில் மழைப்போக்கு மாறியதற்குத் தடயங்கள் உள்ளன. அதில் மிக முக்கியமான ஒன்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. மேகாலயாவில் உள்ள மவ்ம்லு குகையின் தரையில், கூரையிலிருந்து சொட்டும் நீரால் அடுக்கடுக்காக வளர்ந்த சுண்ணாம்புப் படிவு ஒன்றை ஆய்வாளர்கள் வெட்டிப் பார்த்தார்கள். அதன் அடுக்குகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம், அந்தந்தக் காலத்தில் பருவமழை வலுவாக இருந்ததா, மெலிந்ததா என்பதைக் காட்டுகிறது. 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் பருவமழை மெலிந்தது தெரிந்தது. அதை அடையாளமாக வைத்து, அன்றிலிருந்து இன்றுவரையுள்ள காலத்துக்கு 'மேகாலயன் காலம்' என்ற பெயரைச் சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியம் 2018-இல் ஏற்றுக்கொண்டது.

சரி, அதே வறட்சி எகிப்தின் பழைய அரசையும் மெசொப்பொத்தேமியாவின் அக்காடியப் பேரரசையும் வீழ்த்தியதா? இதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. சில இடங்களில் வறட்சியின் தடயம் தெளிவாக உள்ளது. சில இடங்களில் அதே காலத்தில் மழை கூடியிருக்கிறது. தொடக்கமும் முடிவும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. 'உலகமே ஒரே நாளில் காய்ந்தது' என்று எழுதும் செய்திகளை நம்ப வேண்டாம். ஆனால் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில், ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் தெற்கில், கி.மு. 2200-ஐ ஒட்டி ஒரு பெரிய முறிவு நிகழ்ந்தது உறுதி. அல்மேரியா பகுதியில் பல நூற்றாண்டுகள் செழித்த லோஸ் மில்யாரெஸ் போன்ற செப்புக்கால ஊர்கள் அப்போதுதான் கைவிடப்பட்டன.

அந்த முறிவுக்குப் பிறகு, லா மஞ்சா சமவெளியில் புதிதாக ஒன்று எழுந்தது.

## அசுவேர் ஆற்றங்கரைக் கோட்டை

லா மஞ்சா ஸ்பெயினின் நடுப்பகுதிக்குத் தெற்கே உள்ள பரந்த மேட்டுச் சமவெளி. கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் உறையும், மழை குறைவு. ஆனால் அதன் அடியில் சுண்ணாம்புப் பாறையில் பெரிய நீர்தாங்கி இருக்கிறது. இயல்பான காலங்களில் அதன் நீர்மட்டம் தரைக்கு மிக அருகில் இருந்தது. குவாதியானா ஆற்றை ஒட்டிய தாழ்வுகளில் ஊற்றாகப் பொங்கி, சதுப்பு நிலங்களை உண்டாக்கியது.

இந்தச் சமவெளியில் ஆங்காங்கே மேடுகள் உள்ளன. உள்ளூரில் அவற்றை 'மோத்தியா' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைப் பழங்காலப் புதைமேடுகள் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். 1974-இல் கிரனாடா பல்கலைக்கழகக் குழு தைமியேல் ஊர் அருகே, அசுவேர் ஆற்றின் கரையில் உள்ள மேட்டைத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் உண்மை வெளிவந்தது. மேட்டுக்குள் இருந்தது ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு கிணறு.

அந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கோட்டையின் நடுவில் கல்லால் கட்டிய சதுரக் கோபுரம். அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மதில்கள். மதில்களுக்கு இடையே ஒருவர் பின் ஒருவராகத்தான் போகக்கூடிய ஒடுங்கிய வழிகள். உள்ளே தானியம் சேமிக்கும் குதிர்கள், அடுப்புகள், ஆடுகளை அடைக்கும் பட்டிகள். கிழக்குப் பக்கம் சரிவகம் போன்ற வடிவில் ஒரு பெரிய முற்றம். அந்த முற்றத்தில்தான் கிணறு.

கிணறு ஆற்றின் வண்டல் அடுக்குகளை ஊடுருவி நீர்மட்டம் வரை இறங்குகிறது. ஆழம் குறைந்தது 14 மீட்டர். மேற்பகுதி அகலமாக, கல் கட்டுமானத்துடன் படிப்படியாக இறங்கிக் கீழே குறுகுகிறது. வண்டல் இறுகிய பாறை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். தோண்டிக்கொண்டே போனால் பக்கவாட்டு மண் சரியும். நேரான குழாய்போல் வெட்டினால் தோண்டுபவர் மேலேயே இடிந்து விழும். மேலே அகலப்படுத்தி, சரிவைக் கல்லால் கட்டி, பிறகு கீழே குறுக்கியது இதற்காகவே இருக்க வேண்டும். நம் ஊர்களில் மணற்பாங்கான இடங்களில் உறை இறக்குவதும் இதே பயத்தால்தான். கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை.

மக்கள் கோட்டைக்குள் வாழவில்லை. கல் அடித்தளத்தின் மேல் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய அவர்களின் வீடுகள் மதிலுக்கு வெளியே சுற்றிலும் இருந்தன. இறந்தவர்களையும் அந்தக் குடியிருப்புப் பகுதியிலேயே, கால்களை மடக்கிய நிலையில், குழிகளில் புதைத்தார்கள். இந்தக் குடியிருப்பும் கோட்டையும் கி.மு. 2200 முதல் ஏறக்குறைய கி.மு. 1500 வரை, திரும்பத் திரும்பச் செப்பனிடப்பட்டு, பயன்பாட்டில் இருந்தன.

லா மஞ்சாவில் இப்படி 30-க்கும் மேற்பட்ட மோத்தியாக்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. பல இடங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4, 5 கிலோமீட்டர்தான் தூரம். ஒரு மணி நேரம் நடந்தால் அடுத்த கோட்டை.

## கிணற்று நீரால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். இதைப் போடாததால்தான் பல கட்டுரைகள் 'கிணறு வெட்டி விவசாயத்தைக் காப்பாற்றினார்கள்' என்று எழுதிவிடுகின்றன. கீழே உள்ளவை அகழாய்வில் கிடைத்த எண்கள் அல்ல. அளவு புரிவதற்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள்.

1. ஊரில் 100 பேர். குடிக்க, சமைக்க என ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். மொத்தம் 1,000 லிட்டர்.

2. 200 ஆடுகள். கோடையில் ஆட்டுக்கு 5 லிட்டர். இன்னொரு 1,000 லிட்டர்.

3. ஒரு முறை இறைத்தால் 10 லிட்டர் வருகிறது என்றால், நாளொன்றுக்கு 200 முறை இறைக்க வேண்டும். 14 மீட்டர் ஆழத்திலிருந்து 200 முறை என்றால், இழுக்க வேண்டிய கயிற்றின் மொத்த நீளம் 2,800 மீட்டர். படிகளில் பாதி தூரம் இறங்கி மொண்டால் கயிறு குறையும், சுமந்து ஏறும் பாடு கூடும். கடினம்தான். ஆனால் முறை வைத்துச் செய்தால் ஓர் ஊரால் முடியும்.

4. இப்போது வயல். ஒரு ஹெக்டேர் நிலத்தில் வெறும் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் 1 லட்சம் லிட்டர் தேவை. 10,000 முறை இறைக்க வேண்டும். பார்லியோ கோதுமையோ விளைய அதுபோல் பல தடவை பாய்ச்ச வேண்டும்.

நான்காவது எண்ணோடு கதை முடிந்தது. கை இறைப்பில் ஆழக் கிணற்றிலிருந்து தானிய வயலுக்குப் பாசனம் செய்ய முடியாது. அந்தக் கிணறு மனிதரையும் மந்தையையும் காப்பாற்றும், விளைச்சலைக் காப்பாற்றாது.

அப்படியானால் மழை பொய்த்த ஆண்டில் எதைத் தின்றார்கள்? அதற்கான விடைதான் அதே மதிலுக்குள் இருக்கும் குதிர்கள். நல்ல ஆண்டின் தானியம் குதிரில், ஆடுகள் பட்டியில், தண்ணீர் கிணற்றில். மூன்றும் ஒரே மதிலுக்குள். கிணறு வெட்டியது மட்டும் தகவமைப்பு ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீர் இருந்தும் தானியம் இல்லையென்றால் ஊர் கலைந்திருக்கும். தானியம் இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் கலைந்திருக்கும். ஒரு கெட்ட ஆண்டைத் தாண்ட எவையெல்லாம் வேண்டுமோ அவற்றை ஒரே இடத்தில் கட்டி வைத்ததுதான் மோத்தியா.

ஆடுகளுக்கும் இதில் தனிப் பங்கு உண்டு. ஓரிடத்தில் புல் தீர்ந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு இன்னோர் இடத்துக்குப் போகலாம், வயலை ஓட்டிப் போக முடியாது. ஒரு மணி நேர நடைக்கு ஒரு கிணறு என்றிருந்தால் மேய்ச்சல் எல்லை எவ்வளவு விரியும் என்பதை ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வறண்ட நிலத்தில் மந்தை எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது புல் அல்ல, அடுத்த தண்ணீர்.

## மதில் யாருக்கு எதிராக?

கிணறு எல்லாருக்கும் பொது என்றால், அதைச் சுற்றி அடுக்கடுக்காக மதில் ஏன்? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான வாசிப்புகள் உள்ளன.

ஒன்று, வெளியாரிடமிருந்து பாதுகாப்பு. வறட்சிக் காலத்தில் தண்ணீரும் தானியமும் ஆடும் ஒரே இடத்தில் குவிந்திருந்தால், அதன்மேல் கண் வைப்பவர்கள் வரத்தான் செய்வார்கள்.

இன்னொன்று, உள்ளூரிலேயே யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு. குறுகிய வழி, ஒரே முற்றம், ஒரே கிணறு. கணக்கு வைக்க இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. கிணற்றை ஆள்பவரே ஊரையும் ஆண்டிருப்பார், ஏற்றத்தாழ்வு இங்கிருந்துதான் வளர்ந்தது என்பது இந்தக் கோட்டைகளை ஆராய்ந்த லூயிஸ் பெனீத்தெஸ் தே லூகோ போன்றோரின் வாதம்.

எனக்கு இரண்டாவது வாதத்தின் முதல் பாதி வலுவாகப் படுகிறது. கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும். 700 ஆண்டுகள் ஒரு கிணறும் குதிரும் கட்டுப்பாடில்லாமல் நீடிக்காது. ஆனால் கட்டுப்பாடு என்றாலே ஒரு தலைவன், ஒரு சாட்டை என்று கற்பனை செய்யத் தேவையில்லை. முறை வைத்து நீர் பங்கிடும் ஊர்களை நாம் அறிவோம். அங்கே முறையைக் காப்பவர் ஒருவர் இருப்பார், அவர் அரசராக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 14 மீட்டர் ஆழம் தோண்டி, கல் சுமந்து கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தூர் வாரிய உழைப்பு ஒரு குடும்பத்தால் முடியாதது. அந்த உழைப்பைக் கொடுத்தவர்களுக்கு நீரில் உரிமை இல்லாமல் போயிருக்கும் என்று எண்ண முடியவில்லை.

## இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

மோத்தியாக்கள் வறட்சிக்கான எதிர்வினை என்ற முடிவு ஒரே சான்றில் நிற்கவில்லை. அடுக்கிப் பார்த்தால்:

1. கிணறே முதல் சான்று. அது நீர்மட்டம் வரை போகிறது. வேறெதற்கும் அப்படியொரு குழி வெட்டத் தேவையில்லை.

2. காலக் கணிப்பு. எலும்பு, மரம், விதை ஆகியவற்றின் கதிரியக்கக் கார்பன் அளவுகள் கட்டுமானத்தின் தொடக்கத்தைக் கி.மு. 2200-ஐ ஒட்டி வைக்கின்றன. வறட்சியின் காலமும் அதுவே.

3. இடத் தேர்வு. ஸ்பெயினின் நிலவியல் மற்றும் சுரங்க நிறுவனத்தைச் சேர்ந்த நீர்நிலவியலாளர்கள் இந்த மேடுகளின் அருகே துளையிட்டு, அடியில் உள்ள அடுக்குகளையும் நீரின் நிலையையும் ஆராய்ந்தார்கள். நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடைக்கக்கூடிய இடங்களோடு மோத்தியாக்களின் இருப்பிடம் பொருந்துகிறது என்பது அவர்களின் முடிவு. தொல்லியலாளரும் நீர்நிலவியலாளரும் சேர்ந்து எழுதிய இந்த ஆய்வு 2017-இல் ஒரு சர்வதேச நீர்நிலவியல் இதழில் வெளியானது.

4. அமைப்பு. கோட்டை என்றால் குன்றின்மேல் கட்டுவது வழக்கம். அதே காலத்தில் அதே வட்டாரத்தில் குன்றுகள்மேல் ஊர்கள் இருந்தன. மோத்தியாக்களோ தாழ்நிலத்தில், ஆற்றோரத்தில் உள்ளன. போர் ஒன்றை மட்டும் நினைத்துக் கட்டியவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் அங்கேதான் கிட்டத்தில் இருந்தது.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் எனக்கு மிக முக்கியம். கால ஒற்றுமை மட்டும் காரணத்தை நிரூபிக்காது. ஒரே நூற்றாண்டில் நடந்த இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். இடத் தேர்வு அப்படியல்ல. ஓரிடத்தில் தற்செயலாகக் கிணறு அமையலாம். 30 இடங்கள் நிலத்தடி நீரின் போக்கோடு ஒத்துப்போவது தேடிப் பார்த்துத் தேர்ந்ததன் அடையாளம்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இந்த மேடுகளில் சிலவே முறையாக அகழப்பட்டுள்ளன. கிணறு முழுமையாக வெளிப்பட்ட இடம் அசுவேர்தான். மற்ற எல்லாவற்றுக்குள்ளும் இதேபோன்ற கிணறு இருக்கும் என்பது வலுவான ஊகம். அகழ்ந்து காணும்வரை ஊகமே.

## வேறு இடங்களில் நடந்தது

ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இதற்கு வியப்பூட்டும் இணை இருக்கிறது. பாத், ஹிலி போன்ற இடங்களில் வெண்கலக் காலத்தைச் சேர்ந்த வட்டக் கோபுரங்கள் உள்ளன. பலவற்றின் நடுவில் கிணறு. ஸ்பெயினோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. வறண்ட நிலம், எட்டும் ஆழத்தில் நீர், காக்க வேண்டிய கட்டாயம். இந்த மூன்றும் சேர்ந்தால் கோபுரத்துக்குள் கிணறு என்ற யோசனை தனித்தனியே தோன்றும்போலும். பின்னாளில், ஏறக்குறைய கி.மு. 1000 வாக்கில், அதே வட்டாரத்தில் பலஜ் என்ற நிலத்தடி வாய்க்கால் முறை வந்தது. மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைத் தொட்டு, மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டி, இறைக்கும் வேலையே இல்லாமல் நீரை வயலுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. மேலே போட்ட கணக்கில் நான்காவது எண் எழுப்பிய தடையை உடைத்தது அதுதான்: கையால் இறைத்தால் முடியாத பாசனம், நீரைத் தானாக ஓட விட்டால் முடிகிறது.

மொகஞ்சதாரோவில் 700 அளவுக்குக் கிணறுகள் இருந்திருக்கும் என்பது அந்நகரை ஆராய்ந்த மைக்கேல் யான்சனின் மதிப்பீடு. ஆப்பு வடிவச் செங்கற்களை வட்டமாக அடுக்கிக் கட்டியவை. வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு கிணறு இருந்த அந்த நகரமும் கி.மு. 1900-க்குப் பிறகு தேய்ந்தது. மக்கள் கிழக்கு நோக்கிச் சிறு ஊர்களாகப் பரவினார்கள். நகரத்தைக் காப்பாற்ற முடியாதபோது ஊரைச் சிறிதாக்கிக்கொண்டு நகர்வதும் ஒரு தகவமைப்புதான். அதைத் தோல்வி என்று மட்டும் எழுதுவது சரியில்லை.

கிணறு கைவிட்ட கதையும் ஒன்று உண்டு. இஸ்ரேலின் கார்மேல் கடற்கரைக்கு அப்பால், கடலுக்கடியில் அத்லித் யாம் என்ற புதிய கற்கால ஊர் கிடக்கிறது. அங்கே 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய, கல் கட்டிய கிணறு ஒன்று. ஆழம் சுமார் 5.5 மீட்டர். கடல்மட்டம் உயர உயர உப்புநீர் நிலத்தடிக்குள் ஏறியது. கிணற்று நீர் கரித்தது. ஒரு கட்டத்தில் அந்தக் கிணற்றை நீருக்காகப் பயன்படுத்துவதை விட்டு, விலங்கு எலும்பும் உடைந்த பொருள்களும் கொட்டும் குப்பைக் குழியாக ஆக்கிவிட்டார்கள். குப்பையின் அடுக்குகளே இதைச் சொல்கின்றன. பின்னர் ஊரும் கடலுக்குள் போனது. நீர்மட்டம் இறங்கினால் துரத்திப் போகலாம்; நீரின் தன்மையே கெட்டால் துரத்த ஒன்றும் இல்லை. நம் கடலோர மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் கிணற்று நீர் உவர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

## அதே நீர்தாங்கி, 20-ஆம் நூற்றாண்டு

லா மஞ்சாவுக்குத் திரும்புவோம். மோத்தியாக்களைக் காத்த அதே மேற்கு மஞ்சா நீர்தாங்கியில் 1970-களிலிருந்து மோட்டார் கிணறுகள் பெருகின. மக்காச்சோளம், குதிரைமசால், சர்க்கரை பீட்ரூட் என்று தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர்கள் வந்தன. முன்பு மானாவாரியாக நின்ற திராட்சைத் தோட்டங்களும் பாசனத்துக்கு மாறின.

வெண்கலக் கால ஊரின் கணக்கை இப்போது மறுபடி பார்க்கலாம். 14 மீட்டர் ஆழத்திலிருந்து 1 லட்சம் லிட்டர் என்பது அவர்களுக்கு 10,000 இறைப்பு. ஒரு சாதாரண 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2, 3 மணி நேர வேலை. அன்று கையின் வலு எடுப்புக்கு ஓர் எல்லை போட்டிருந்தது. யாரும் விதி எழுதாமலேயே அந்த எல்லை இருந்தது, மீள்நிரப்பை மீறி எடுக்க அவர்களால் முடியவே முடியாது. மோட்டார் வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. அதன் இடத்தில் வேறொரு எல்லையை யாரும் உடனே வைக்கவில்லை.

விளைவுகள் வரிசையாக வந்தன:

1. நீர்மட்டம் பல இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியது. வெண்கலக் காலக் கிணற்றின் 14 மீட்டர் ஆழம் அந்த இடங்களில் எதையும் தொடாது.

2. குவாதியானா ஆற்றுக்கு நீர் கொடுத்து வந்த ஊற்றுகள் 1980-களில் நின்றன.

3. தைமியேல் சதுப்பு நிலம் 1973-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நீர்மட்டம் இறங்கி அதன் அடியிலிருந்த கரி மண் (பாதி மட்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான, எரியக்கூடிய மண்) காய்ந்து, 2009-இல் தரைக்கடியிலேயே புகைந்து எரியத் தொடங்கியது. அணைக்க வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

4. 1985-இன் நீர்ச் சட்டம் ஸ்பெயினில் நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாக்கியது. இந்த நீர்தாங்கி அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, எடுப்புக்கு வரம்பும் வந்தது. ஆனால் அதற்குள் பல்லாயிரக்கணக்கான கிணறுகள் இறங்கிவிட்டன; அனுமதி இல்லாதவையும் அவற்றில் ஏராளம்.

2010-க்குப் பிறகு தொடர்ந்து சில நல்ல மழை ஆண்டுகள் வந்தன. பல பத்தாண்டுகளாக வறண்டு கிடந்த குவாதியானா ஊற்றுகளில் மறுபடி தண்ணீர் வந்தது. வராது என்று பலர் முடிவு கட்டியிருந்த நீர் அது. மழை குறைந்த ஆண்டுகள் திரும்பியதும் நீர்மட்டம் மறுபடி இறங்கத் தொடங்கியது. இறைப்பு நிற்கவில்லை. அசுவேர் கோட்டை 2014 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் கிணற்று முற்றம் வரை இறங்கிப் பார்க்கலாம். கோட்டையைச் சுற்றியுள்ள வயல்களில் இன்று பாசன மோட்டார்கள் ஓடுகின்றன.